ஓய்வு நாளும் ஓய்வில்லாக் கைகளும்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாள்களுக்கு ஒரு தனி அமைதி உண்டு. விண்மீன் விளக்குகள் இன்னும் மாடிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். குடிலின் வைக்கோல் சற்றே கலைந்திருக்கும். முறுக்கும் அதிரசமும் டப்பாவின் அடியைத் தொட்டிருக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. நெடுந்தொலைவு நடந்து வந்த வழிப்போக்கன் திண்ணையில் அமர்ந்து மூச்சு வாங்குவதைப் போல, ஆண்டும் தன் கடைசி வாரத்தில் சற்றே அமர்ந்துகொள்கிறது.

சென்ற ஆண்டின் அந்தக் கடைசி வாரத்தில், நான் குடியிருக்கும் கலைஞர் கருணாநிதி நகரை, சென்னை மக்கள் சுருக்கமாகக் கே.கே. நகர் என வழங்கும் பகுதியை, நாள்தோறும் விடியலில் நடந்து சுற்றி வந்தேன். திருப்பயணம் என்றால் வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் செல்வதே என எண்ணியிருந்தவன் நான். வாழும் தெருவிலேயே ஒரு திருப்பயணம் வாய்க்கும் என்றும், அது என் வீட்டுச் சமையலறைச் சுவரின் முன்னே கொண்டுவந்து என்னை நிறுத்தும் என்றும் அப்போது அறிந்திலேன்.

கே.கே. நகர் பழமை வாய்ந்த ஊரன்று. மயிலாப்பூரைப் போலத் திருத்தூதர் தோமாவின் கல்லறை மரபோ, பரங்கிமலையைப் போல நூற்றாண்டுகளின் சுவடோ இதற்கு இல்லை. 1961ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம், 1970களில் நகரின் மேற்கே திட்டமிட்டு வளர்த்த குடியிருப்பு இது. பிரிவு பிரிவாக வகுத்த மனைகள், ஒன்றையொன்று நேராக வெட்டிச் செல்லும் அகன்ற தெருக்கள், இடையிடையே பூங்காக்கள் என ஒழுங்கோடு அமைந்த இடம். நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரும், 1936ஆம் ஆண்டில் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவருமான பி.டி. ராஜன் அவர்களின் பெயரை இங்குள்ள முதன்மையான சாலை ஒன்று தாங்கி நிற்கிறது.

இத்தெருக்களில் ஆங்காங்கே தூங்குமூஞ்சி மரங்கள் குடை விரித்து நிற்கின்றன. அம்மரத்தின் இயல்பை வாசகர் அறிவர். மாலை மயங்கியதும் தன் சிற்றிலைகளை இணையிணையாக மடித்துக்கொண்டு உறங்கத் தொடங்கும். விடிந்ததும் மீண்டும் விரிக்கும். படைத்தவர் அதற்கு வகுத்த ஓய்வு அது. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னை முழுவதும் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. அதற்குத் தப்பிய மரங்களின் கீழே நடக்கும்போது, இவையும் நம்மைப் போல் பிழைத்தவை அன்றோ என்னும் எண்ணம் எழும்.

உண்மையில், சென்னைவாசிகளுக்கு டிசம்பர் என்பது பிழைத்ததற்கு நன்றி கூறும் மாதம். 2004ஆம் ஆண்டில், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை நம் கடற்கரைகளைத் தாக்கியது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. நகருக்குத் தெற்கே ஓடும் அடையாறு கரை மீறி, சாபர்கான்பேட்டையையும் அதனை அடுத்த பகுதிகளையும் மூழ்கடித்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மீண்டும் நகரை நீரில் நிறுத்தியது.

2015ஆம் ஆண்டின் அவ்வெள்ளத்தில் எங்கள் வீட்டின் தரைத்தளத்திலும் முழங்கால் அளவு நீர் புகுந்தது. நீர் வடிந்தபின், எங்கள் இல்லத்தில் பாத்திரம் துலக்கி வீடு கூட்டும் அம்மையார் வந்தார். சாபர்கான்பேட்டையில் ஆற்றுக்கு அருகே குடியிருப்பவர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு நாள் எங்கள் வீட்டுச் சேற்றை வாரி வெளியே கொட்டினார். அவருக்கு நாங்கள் பழைய பாய்களும் போர்வைகளும் கொடுத்தோம். அதைப் பெரிய அறச்செயலாகவும் கருதிக்கொண்டோம்.

இவற்றையெல்லாம் எண்ணியவாறே நடந்த எனக்கு, ஆண்டிறுதியில் ஓய்வெடுப்பது என்றால் என்ன என்னும் கேள்வி எழுந்தது. மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. அனுப்பப்பட்ட திருத்தூதர்கள் திரும்பி வந்து, தாங்கள் செய்தவை கற்பித்தவை யாவற்றையும் ஆண்டவரிடம் எடுத்துரைக்கிறார்கள். உண்பதற்கும் நேரமின்றி மக்கள் வருவதும் போவதுமாய் இருந்தமையால், தனிமையான இடத்திற்குச் சென்று சற்று ஓய்வெடுக்குமாறு அவர் அவர்களை அழைக்கிறார். செய்ததைச் சொல்லுதல் முன்னே, ஓய்வு பின்னே. கணக்கு ஒப்புவித்த உள்ளத்திற்கே ஓய்வு இனிக்கும் என்பது இக்காட்சி எனக்குக் கற்பித்த பாடம்.

அக்கணக்கை எவ்வாறு பார்ப்பது என்பதற்கு லொயோலா புனித இஞ்ஞாசியார் எளிய வழி வகுத்துத் தந்துள்ளார். பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுதல், குற்றத்தை அறிய அருள் வேண்டுதல், கடந்து வந்த நேரத்தை ஒவ்வொன்றாய் ஆராய்தல், மன்னிப்புக் கேட்டல், திருந்த உறுதி பூணுதல் என்னும் ஐந்து படிகள் அவை. நாள்தோறும் செய்யத் தக்க இவ்வான்ம சோதனையை ஆண்டு முழுமைக்கும் செய்து பார்க்க விரும்பினேன். முதற்படி எளிதாயிருந்தது. உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, புயலில்லாத் தெரு என நன்றிக்குரியவை பல. இரண்டாம் படியில் அருளை வாயளவில் வேண்டினேன். வேண்டியதை இறைவன் இவ்வளவு விரைவில் தருவார் என எதிர்பார்த்தேனல்லேன்.

விடியலில் நடப்பவர் கண்ணுக்கு மட்டுமே புலப்படும் ஓர் ஊர்வலம் கே.கே. நகரில் உண்டு. காலை ஆறு மணி அளவில் தெற்கே சாபர்கான்பேட்டை, எம்.ஜி.ஆர். நகர்ப் பக்கத்திலிருந்து பெண்கள் இருவர் மூவராய் நடந்து வருவர். பங்கு ஆட்டோவிலிருந்து சிலர் இறங்குவர். கையில் ஒரு துணிப்பை. தலையில் அவசரமாய் முடிந்த கொண்டை. தெருமுனையில் பிரிந்து ஒவ்வொருவரும் ஒரு வாயிற்கதவுக்குள் மறைவர். சற்று நேரத்தில் வாசல் தெளிக்கும் ஓசையும் கோலப்பொடியின் வெண்மையும் தெருவை நிறைக்கும். சிவன் பூங்காவில் நாம் உடல்நலத்துக்காக வட்டமிட்டு நடக்கும் அதே வேளையில், அவர்கள் பிழைப்புக்காக நடக்கிறார்கள்.

நான்காம் நாள் அசோகர் தூண் செல்லும் சாலை வழியே சென்றேன். அங்கே தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமனை, நாம் 'ஈ.எஸ்.ஐ.' என அழைக்கும் பெரிய மருத்துவமனை இருக்கிறது. வாயிலில் அந்த விடுமுறை வாரத்திலும் கூட்டம் குறையவில்லை. தொழிற்சாலையிலும் கடையிலும் உழைப்போர் நோயுற்றால் மருத்துவம் பெறவும், படுத்திருக்கும் நாள்களுக்கும் கூலியில் ஒரு பகுதியை இழக்காதிருக்கவும் 1948ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் வழி செய்தது. 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் அத்திட்டம் தொடங்கியது. நோயுற்றவர் ஓய்வெடுப்பது பிறர் இடும் பிச்சையன்று, அவர் உழைப்பால் ஈட்டிய உரிமை என்பதே அதன் உட்பொருள். வாயிலருகே நின்று இதனை எண்ணியபோது, நான் சற்று முன் கண்ட துணிப்பைப் பெண்கள் நினைவுக்கு வந்தனர். நம் வீடுகளில் உழைக்கும் அவர்களுள் எத்தனை பேருக்கு இந்த மருத்துவமனையின் கதவு திறக்கும்? காய்ச்சல் வந்தால் அவர்களுக்குக் கூலி தருபவர் யார்?

இக்கேள்வியோடு வீடு திரும்பினேன். அன்று டிசம்பர் 30. பழைய நாட்காட்டியைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும் எனத் துணைவியார் கூறினார். எங்கள் சமையலறைச் சுவரில் தொங்குவது பங்கு ஆலயத்தில் பெற்ற மாத நாட்காட்டி. ஞாயிறுகளும் கடன் திருநாள்களும் சிவப்பு எழுத்தில் இருக்கும். பால் கணக்கும், எரிவாயு உருளை வந்த நாளும் அதிலேதான். பணிக்கு வரும் அம்மையார் வராத நாளில் பென்சிலால் ஒரு சிறு வட்டம் இடுவது வழக்கம். மாதக் கடைசியில் வட்டங்களை எண்ணிச் சம்பளத்தில் கழிப்போம்.

மூன்றாம் படி அங்கேயே அமைந்துவிட்டது. நாற்காலியில் அமர்ந்து சனவரி முதல் ஏடுகளைப் புரட்டினேன். ஆண்டு முழுவதிலும் ஒன்பது வட்டங்கள். அவருடைய மாமியார் இறந்தபோது மூன்று, காய்ச்சலில் இரண்டு, உறவினர் திருமணத்திற்கு இரண்டு, பெருமழையில் இரண்டு. ஒன்பதும் துன்பமோ கடமையோ கொண்டுபோன நாள்கள். ஓய்வு எனச் சொல்லத் தக்க வட்டம் ஒன்றுமில்லை. பொங்கலன்று, சற்று முன்னதாக வந்து முடித்துவிட்டுப் போகலாம் எனச் சலுகை தந்திருந்தோம். சிவப்பு எழுத்தில் அச்சிட்ட ஞாயிறுகள் ஐம்பத்திரண்டிலும் அவர் வந்திருந்தார். நாங்கள் குடும்பமாய்த் திருப்பலிக்குப் புறப்படும்போது அவர் வாசலைக் கடந்து உள்ளே வருவார். நாங்கள் திரும்பி வரும்போது வீடு துப்புரவாய் இருக்கும். ஆண்டவருடைய நாளை நாங்கள் அத்தனை அமைதியோடு கொண்டாடியது அவருடைய கைகளின் மேல் அமர்ந்துகொண்டேயாம்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. வெள்ளம் வடிந்த அந்நாளில் அவர் எங்கள் வீட்டுச் சேற்றை வாரினார். அவர் வீட்டுச் சேற்றை அன்று வாரியது யார் என்று, இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை.

ஓய்வு நாள் கட்டளையைச் சிறு வயதிலிருந்தே மனனம் செய்திருக்கிறோம். ஆயினும் அக்கட்டளை யாரை நோக்கி, யாருக்காகத் தரப்பட்டது என்பதை விடுதலைப் பயண நூலின் 20ஆம் அதிகாரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். வீட்டுத் தலைவரோடும் பிள்ளைகளோடும் அது நின்றுவிடவில்லை. பணியாளர், பணிப்பெண், ஊரில் தங்கிய அந்நியர், கால்நடை என ஒவ்வொன்றாய்ப் பெயரிட்டுச் செல்கிறது. இணைச்சட்ட நூலின் 5ஆம் அதிகாரம் இதற்குக் காரணமும் கூறுகிறது: எகிப்தில் ஒரு காலத்தில் அடிமையாய் இருந்ததை இஸ்ரயேல் மறக்கலாகாது, தான் ஓய்வெடுப்பது போலவே தன் பணியாளரும் ஓய்வெடுக்க வேண்டும். ஓய்வு பெற்றவனின் முதற்கடமை, ஓய்வு கொடுப்பது.

திருச்சபை இதனை மறந்ததில்லை. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டில் தொழிலாளர் நிலை பற்றி விடுத்த 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் ஞாயிறு ஓய்வைத் தொழிலாளரின் உரிமையோடு இணைத்துப் பேசினார். 1992ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பிறர் ஆண்டவருடைய நாளைக் கடைப்பிடிக்கத் தடையாகும் தேவையற்ற வேலைகளை அவர்கள்மேல் சுமத்தலாகாது எனத் தெளிவாகக் கற்பிக்கிறது. உலகமும் மெல்ல இப்பாதைக்கு வந்துள்ளது. தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டில் வீட்டுப் பணியாளர்க்கென ஒரு நலவாரியம் அமைந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011ஆம் ஆண்டில் ஏற்ற உடன்படிக்கை, வீட்டுப் பணியாளர்க்கு வாரந்தோறும் தொடர்ந்து 24 மணி நேரத்திற்குக் குறையாத ஓய்வு வேண்டும் என்கிறது. தியாகராய நகர்த் துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்றே விற்கும் பெண்கள் அமர இருக்கை தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் நம் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது! ஆனால் நம் சமையலறைக்குள் எந்த ஆய்வாளரும் வந்து பார்ப்பதில்லை. அங்கே நம் மனச்சான்று ஒன்றே ஆய்வாளர்.

நான்காம் படியும் ஐந்தாம் படியும் ஒன்றாகவே வந்தன. துணைவியாரிடம் நாட்காட்டியைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்திருந்தார். "நானும்தானே வட்டம் போட்டேன்" என்று மட்டும் சொன்னார். ஞாயிறுதோறும் அவருக்கு விடுமுறை, சம்பளத்தில் குறைவில்லை, நோய்க்கும் துக்கத்திற்கும் பிடித்தமில்லை என முடிவு செய்தோம். பிள்ளைகளும் இருந்தனர். ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரங்கள் யாருடையவை என்னும் விவாதம் எழுந்தது. அவை எல்லாருடையவும் என்று தீர்ந்தது.

மறுநாள் 31ஆம் தேதி காலையில் இதனை அவரிடம் தெரிவித்தபோது, அவர் மகிழ்வார் என எதிர்பார்த்தோம். அவரோ துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். முகம் வெளுத்தது.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்? வேற ஆளைப் பாத்துட்டீங்களா?"

ஓய்வு என்னும் சொல் அவருடைய வாழ்வில் வேலை போவதற்கு மறுபெயராகவே இருந்திருக்கிறது. சம்பளம் குறையாது என்பதை மூன்று முறை எடுத்துச் சொன்ன பின்னரே அவர் நம்பினார். அப்போதும் அவர் சொன்ன ஒன்று எங்கள் பெருமிதத்தை அடக்கியது. "நீங்க விட்டாலும் மத்த மூணு வீட்டுக்கு வந்துதானேம்மா ஆகணும்?"

ஆம். அவர் நான்கு வீடுகளில் பணி செய்கிறார். ஒரு வீடு தரும் விடுமுறை அவருக்கு ஒரு மணி நேர மிச்சம்; அது ஓய்வு நாளாகாது. அதே விடியல், அதே நடை, அதே துணிப்பை. ஒருவர் நல்லவராய் இருப்பதால் மட்டும் பணியாளர்க்கு ஓய்வு வந்துவிடாது. அதற்குத் தெருவே ஒன்றுகூட வேண்டும். இஸ்ரயேலுக்குத் தரப்பட்ட கட்டளை தனி மனிதர்க்கன்றி முழு மக்களுக்குத் தரப்பட்டதன் நுட்பம் எனக்கு அன்று விளங்கிற்று.

அன்றிரவு ஆலயத்தில் ஆண்டிறுதி நன்றி வழிபாடு. ஆண்டின் கடைசி நாளில் 'தெ தேயும்' என்னும் பழம்பெரும் இலத்தீன் நன்றிப் பாடலைப் பொதுவில் பாடுவோர்க்கு, உரிய நிபந்தனைகளோடு, நிறைபேறு பலனைத் திருச்சபை வழங்குகிறது. உரோமையில் திருத்தந்தையும் அன்று மாலை அதனைப் பாடியே ஆண்டை நிறைவு செய்வது வழக்கம். நன்றிப் பண் முடிந்து நள்ளிரவு மணி ஒலித்தது. இறைவனின் அன்னையாம் மரியாவின் பெருவிழாவும், 1968ஆம் ஆண்டு முதல் கொண்டாடி வரும் உலக அமைதி நாளும் ஒருசேரப் பிறந்தன. அருகிருந்தோர்க்கு வாழ்த்துக் கூறிக் கைகுவித்தபோது, அமைதி என்பது எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை நான் அறிந்திருந்தேன்.

புத்தாண்டில் மற்ற மூன்று வீடுகளுக்கும் சென்று பேசினோம். அவர்கள் நம் மறையைச் சார்ந்தவரல்லர். ஒரு வீட்டில், நாங்களே இதை எண்ணிக்கொண்டிருந்தோம் என்று உடனே இசைந்தனர். மற்றொரு வீட்டில் முதிய தாயார் படுக்கையில் இருப்பதால், ஞாயிறுக்குப் பதில் மாற்று ஏற்பாடு செய்ய ஒரு மாதம் கேட்டனர். சொன்னபடி செய்தும் விட்டனர். நான்காம் வீட்டார் இசையவில்லை. எல்லாரும் கொடுத்தால் பழகிப்போகும் என்றனர். ஆகவே இன்றும் ஞாயிறு காலையில் அந்த ஒரு வீட்டிற்கு அவர் வருகிறார். எட்டு மணிக்குள் முடித்துத் திரும்புகிறார். நிறைவான ஓய்வு நாள் இன்னும் அவருக்கு வாய்க்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதுவதே முறை.

எனினும் பிப்ரவரியில் ஒரு திங்களன்று அவர் வந்தபோது, முன்தினம் என்ன செய்தீர் என்று துணைவியார் வினவினார். "மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தேம்மா. பொழுது சாஞ்சுதான் எழுந்தேன்" என்றார். ஏதோ தவறு செய்துவிட்டவரைப் போல் சிரித்தார். பகலில் உறங்கியதை ஒருவர் அத்தனை நாணத்தோடு சொல்லும் நிலைக்கு நாமே காரணம் என்பது நெஞ்சில் தைத்தது.

அன்புள்ள பங்குக் குடும்பங்களே! இவ்வாண்டின் இறுதியிலும் நாம் பழைய நாட்காட்டியைக் கழற்றுவோம். கழற்றுமுன் ஒரு நாழிகை அமர்ந்து அதன் ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள். நம் வீட்டைக் கூட்டுபவர், ஆடை வெளுப்பவர், ஊர்தி ஓட்டுபவர், வாயில் காப்பவர், நள்ளிரவிலும் உணவுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞர் ஆகியோருக்கு அதன் சிவப்பு எழுத்துகள் சிவப்பாய் இருந்தனவா என்று கேளுங்கள். அன்பியக் கூட்டத்தில் பேசுங்கள்; ஒரு தெருவில் நான்கு குடும்பம் ஒத்துக்கொண்டால் ஒரு தாய்க்கு ஒரு ஞாயிறு கிடைக்கும். பிற சமயத்தாரையும் கூச்சமின்றி அணுகுங்கள். நல்லுள்ளம் எவ்வீட்டிலும் உண்டு. அவருடைய ஓய்வை அவர் எவ்வாறு கழிப்பார் என்பது அவர் விருப்பம். கணக்குக் கேட்கும் உரிமை நமக்கில்லை.

மாலையானதும் இலை மடித்துறங்கும் மரத்துக்கும் ஓய்வு வகுத்த இறைவன், தம் சாயலாகப் படைத்த மாந்தருக்கு அதனை மறுப்பவரல்லர். மறுத்தவர் நாமே. நாசரேத்தூரில் தச்சுப் பட்டறையை மூடி, வெள்ளி மாலையில் விளக்கேற்றி, ஓய்வு நாளை வரவேற்ற திருக்குடும்பம் நம் இல்லங்களுக்கும், நம் இல்லங்களில் உழைப்போரின் இல்லங்களுக்கும் அவ்வமைதியைப் பெற்றுத் தருவதாக.